பிவாடியில் ஒருவர்

செங்கமலத்தின் பாட்டை இந்த உலகத்தில் மொத்தம் நூற்று நாற்பத்தாறு பேர் கேட்டிருந்தார்கள். அவர்களில் நூற்று நாற்பத்தைந்து பேரையும் அவளால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும்.

பாட்டை வாங்கி ஆப்புகளில் ஏற்றிவிடும் கம்பெனி அவளுக்கென்று ஒரு பக்கம் கொடுத்திருந்தது. எந்த ஊரில் எத்தனை பேர், எத்தனை தடவை என்று அதில் இரண்டு நாள் தாமதமாக வரும். ஸ்ரீபெரும்புதூர் தொண்ணூற்றொன்று. அது பென்னலூரில் அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதி. தொண்ணூறு பேர், அப்புறம் வார்டன் ஞானம்மா. திருநெல்வேலி ஒன்பது. அது அறைத்தோழி முப்பிடாதியின் சித்தப்பா பெரியப்பா மக்கள். கேட்காவிட்டால் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரும்போது முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அவள் மிரட்டிக் கேட்க வைத்தது. ஓசூர் ஐந்து. அது மேல்மாடி கவிப்பிரியாவுக்கு நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளையும் அவனோடு அறையில் இருந்த நாலு பேரும். காஞ்சிபுரம் பதினான்கு, சொந்தக்காரர்கள். சென்னை இருபத்தாறு, பாட்டைப் பதிந்து கொடுத்த ரகுவின் கூட்டாளிகள். கல்யாணத்துக்கு வீட்டு ஆட்கள் மட்டுமே வந்து சாப்பிட்டுப் போன மாதிரி இருந்தது.

கடைசி வரியில் மட்டும் வாயில் நுழையாத ஓர் ஊர். பிவாடி. ஒருவர். பதினாறு நாளில் அறுபத்து மூன்று தடவை.

"ஏட்டி, பிவாடின்னா எங்கன இருக்கு?" என்று முப்பிடாதி போனில் வரைபடத்தை விரித்துத் தேடினாள். டெல்லிக்குக் கீழே, ராஜஸ்தான் ஓரத்தில் இருந்தது. சுற்றிலும் தொழிற்சாலைகள். "நம்ம ஒரகடம் மாதிரியேதாம்ட்டி இருக்கு. இருங்காட்டுக்கோட்டையிலேருந்து கார் ஏத்திக்கிட்டுப் போற டிரெயிலர் பூரா அந்தப் பக்கந்தான போவுது?"

அந்த ஒருவர் யார் என்று செங்கமலத்துக்குத் தெரிந்துவிட்டது. சரியாகச் சொன்னால், தெரிந்துவிட்டதாக நம்பினாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அளந்து பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

தம்பி டில்லிபாபு வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. வாலாஜாபாத் பக்கத்தில் அவர்கள் ஊர். ஒரகடம் போகிற வழியில் இருந்த ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் மிஷினில் நின்றவன், ஒருநாள் வலது கையின் இரண்டு விரல்களை அந்த மிஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். கட்டுப் பிரித்த பிறகும் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஆறாவது மாதம், சோற்றுத் தட்டின் முன்னால் வைத்து அப்பா நடேசன், "கையாலாகாத பையன்" என்றார். ஊரில் எல்லா வீட்டிலும் தினமும் புழங்குகிற திட்டுதான். அந்த வீட்டில் அதைச் சொல்லியிருக்கவே கூடாது. டில்லி சாப்பிடாமல் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனான். போனவன் போனவன்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் செங்கமலமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு வந்துவிட்டாள்.

முதல் நாலைந்து மாதம் அவன் அக்காவுக்கு மட்டும் போன் செய்தான். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பர், அவன் கிளீனராகப் போகிற லாரியின் டிரைவருடையதாக இருக்கும். எங்கே இருக்கிறேன் என்று சொல்ல மாட்டான். சாப்பிட்டியா என்று கேட்பான், வைத்துவிடுவான். பிறகு ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் ஏறுகிற நெரிசலில் செங்கமலத்தின் போன் திருடு போயிற்று. போன் போனால் மயிராச்சு என்று விட்டுவிடலாம். அதிலிருந்த சிம் டில்லியின் ஆதாரில் வாங்கியது. அதே நம்பரைத் திரும்ப வாங்க வேண்டுமானால் அவன் நேரில் வந்து விரல் வைக்க வேண்டும் என்றார்கள். "அவனக் கண்டுபுடிக்கத்தாங்க அந்த நம்பரே வோணும்" என்று அவள் கவுன்ட்டரில் அழுதாள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கும் கண் கலங்கியது. கண் கலங்கினால் சிம் வந்துவிடுமா?

அப்போதுதான் பாட்டு யோசனை வந்தது. விரல் இருந்த காலத்தில் டில்லி ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிய தாளம் அம்மாவின் பழைய போனில் கிடந்தது. மூன்றரை நிமிடம். நடுவில் ஓர் இடத்தில் அவன் தும்முவதுகூடக் கேட்கும். அதன்மேல் செங்கமலம் பாடினாள். அவளுடைய கம்பெனி பஸ்ஸில் டிரைவர் தயவில் தம்பியும் தொற்றிக்கொண்டு வந்து வழியில் இறங்கிக்கொள்வானே, அந்த நாட்களைப் பற்றிய பாட்டு.

*ஏழாம் நம்பர் பஸ்ஸு வருது எழுந்து வாடா தம்பி*
*சன்னல் சீட்டு போட்டு வச்சேன் சாப்பாட்டுப் பைய நம்பி*

மறைமலை நகரில் செல்போன் கடைக்குப் பின்னால் சுவரெல்லாம் பழைய மெத்தை ஒட்டிய அறையில் ரகு அதைப் பதிந்து, சுத்தம் செய்து, ஏற்றிக் கொடுத்தான். பாட்டு எப்படிப் போகும் என்று அவன்தான் விளக்கினான்.

"அந்தக் கம்பெனிக்காரன் கூரியர் மாதிரிக்கா. நீ ஒரு வாட்டி குடுத்துட்டா போதும், எல்லா ஆப்புலயும் கொண்டுபோய் போட்ருவான். வாங்கிக்கினவன் பேரு மட்டும் சொல்ல மாட்டான். ஊரு பேரு வரும், அவ்ளோதான்."

"கேட்டவன் எனக்கு எதுனா சொல்லணும்னா?"

"அதுக்கு வழி இல்லக்கா. பாட்டு போவும். பதிலு வராது."

பாடியவர் என்ற இடத்தில் அவள் இரண்டு பெயர் கொடுத்தாள், தன்னுடையதும் டில்லிபாபுவுடையதும். எப்பேர்ப்பட்ட ரோஷக்காரனும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தன் பெயரைத் தானே தேடிப் பார்ப்பான் என்பது அவள் எண்ணம். அந்த எண்ணம் வீண் போகவில்லை என்று பிவாடி சொன்னது.

"தெரியாம லூப்ல வுட்டுட்டு தூங்கிருப்பான் எவனாவது" என்றான் ரகு.

"தும்மறது வர்ற பாட்ட எவன்டா அறுபத்து மூணு வாட்டி கேப்பான்?" என்றாள் செங்கமலம்.

பதில் வராது என்றால், நம்பரையே பாட்டோடு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று அவள் முடிவு செய்தாள். அதே பாட்டு, அதே தாளம். டப்பாச் சத்தம் நின்ற பிறகு அவள் பேசுவாள். "டில்லி, அக்காடா. பழைய நம்பரு போயிடுச்சி. இது புது நம்பரு, எழுதிக்கோ." பிறகு பத்து எண்களையும் இரண்டு தடவை நிதானமாகச் சொல்வாள். சனிக்கிழமை அதை ஏற்றினார்கள். சரிபார்த்து வெளியிட ஏழு நாள் ஆகும், அடுத்த சனிக்கிழமை வந்துவிடும் என்று கம்பெனி எழுதியது. ஒரே ஆள் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவனுக்கு அந்த ஆளின் அடுத்த பாட்டை ஆப்பே கொண்டுவந்து முன்னால் நிறுத்தும் என்று ரகு அடித்துச் சொன்னான். செங்கமலம் அன்றைக்கு இரண்டு வருஷத்துக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டாள்.

சேதி தெரிந்ததும் விடுதிப் பெண்கள் அந்த ஏழு நாளைச் சும்மா விடுவார்களா?

அவர்கள் வேலை பார்த்த ஒரகடம் கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் பூட்டி வைக்கப் பெட்டி உண்டு. அந்த வரிசையில் நின்று பஸ்ஸைத் தவறவிட எவள் தயார்? முக்கால்வாசிப் பேர் போனை விடுதியிலேயே விட்டுப் போவார்கள். கீழ்க் கூடத்தில் ஞானம்மா சுவர் நீளத்துக்கு ஒரு பலகை அடித்து, ஐம்பது பிளக் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் அறை எண்ணைச் சுண்ணாம்பால் எழுதியிருந்தாள். ஷிப்ட் நேரத்தில் பார்த்தால் பால் குடிக்கிற குட்டிகள் மாதிரி ஐம்பது போன்கள் ஒயரில் தொங்கும்.

யோசனை முப்பிடாதியுடையது. "சும்மாதான தொங்குது எல்லாம்? சத்தத்தக் கொறச்சிட்டு செங்கா பாட்ட ஓட விட்டுட்டுப் போவோம். நாம அங்கன லைன்ல நிக்கோம், போனு இங்கன வேலை பாக்கட்டும். பாட்டு மேல ஏறிச்சின்னா அடுத்த பாட்டும் சேந்து ஏறும்லா? தம்பிக்காரன் போனத் தொறந்தா மொத ஆளா இவதான் நிக்கணும்."

ஞானம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பென்னலூர்க்காரி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாத நாள் கிடையாது, யாராவது ஒரு பிள்ளைக்கு நல்லது செய்யாமல் அவளுக்கு வாரம் முடியாது. "மொய் மாதிரி வச்சுக்கோங்கடி" என்றாள். "கல்யாணத்துக்கு எய்தறோம், காது குத்துக்கு எய்தறோம். இந்தப் பொண்ணு பாட்டுக்கு ஆளுக்கு ஒரு ஷிப்டு ஓட்ட மாட்டமா? அடி மேல அடி அடிச்சா அம்மியும் நவுரும்."

"இதெல்லாம் ஒண்ணும் தப்பு இல்லியே ஞானம்மாக்கா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"பாட்டு கேக்கறது தப்பாடி? நல்லா கீதே கதை!"

ஞாயிற்றுக்கிழமை தொடங்கினார்கள். ஏ ஷிப்ட் போகிறவர்கள் பாட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் வந்து போனை எடுத்தால் பி ஷிப்ட்காரிகள் அந்தப் பிளக்கில் தங்கள் போனைச் செருகிப் பாட்டைப் போடுவார்கள். அரை மணிக்கு ஒரு தரம் ஞானம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எந்தப் போனாவது தூங்கிவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். வாங்கிய சம்பளத்துக்குக்கூட எவளும் அப்படி உழைத்திருக்க மாட்டாள். ஊர் கூடித் தேர் இழுத்தார்கள். தேர் சந்து திரும்பி எங்கே போய் முட்டப் போகிறது என்று இழுக்கிறவர்களுக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

புதன்கிழமை ஏ ஷிப்ட் முடிந்து செங்கமலம் மூன்றே முக்காலுக்கு விடுதிக்குள் நுழைந்தபோது ஞானம்மா சுவருக்கு முன்னால் நின்று விழித்துக்கொண்டிருந்தாள். "எல்லா போன்லயும் ஒரே டைம்ல நின்னுப்போச்சுடி. கரன்ட்டு கீது, வை-பை கீது. பாட்டுதான் காணோம்."

பாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. செங்கமலம் டிப்ளமோ படித்தவள், ஆங்கிலத்தைக் கூட்டிப் படித்துவிடுவாள். இயல்புக்கு மாறான முறையில் பாட்டு கேட்கப்பட்டிருப்பது தெரிய வந்ததாம். ஆகவே பாட்டை எல்லா ஆப்புகளிலிருந்தும் எடுத்துவிட்டார்களாம். காத்திருப்பில் உள்ள பாட்டும் வெளிவராதாம்.

அவள் ரகுவைக் கூப்பிட்டாள். அவன் முதலில் கேட்டது, "எத்தினி போன்ல ஓட்டனீங்க?"

"அம்பது."

"ஒரே வை-பையா?"

"ஆமா."

ரகுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "காசு வாங்கிக்கினு பாட்ட ஓட்டிக் குடுக்கறவனுங்க கீறானுங்கக்கா. ஒரு ரூம்ல வரிசையா போன மாட்டி வச்சிக்கினு நாள் பூரா ஓட வுடுவானுங்க. அந்தத் திருட்டுப் பசங்களப் புடிக்கறதுக்குன்னே கம்பெனில ஆளு வச்சிருக்கான். ஆளுகூட இல்ல, அதுவும் மிஷினுதான்."

செங்கமலம் சுவரைப் பார்த்தாள். அறை எண் எழுதி, வரிசையாக மாட்டி, ஒயரில் தொங்குகிற ஐம்பது போன்கள். அவளே அந்தக் கம்பெனிக்காரியாக இருந்தாலும் திருட்டு என்றுதான் சொல்லியிருப்பாள்.

கம்பெனியின் பக்கத்தில் உதவி வேண்டுமா என்று கேட்கிற இடத்தை ரகு சொல்லிக் கொடுத்தான். 'வணக்கம், நான் மீனா. எப்படி உதவட்டும்?' என்று வந்தது. பெண் பிள்ளை, புரிந்துகொள்ளும் என்று செங்கமலம் நினைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், தமிழில் எல்லாவற்றையும் எழுதினாள். தம்பியின் விரல், அப்பா சொன்ன சொல், சிம், பிவாடி, சுவரில் தொங்கிய போன்கள், ஞானம்மாவின் மொய். என் தோழிகள் செய்தது தெரியாமல் செய்தது, அவர்கள் பேரில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து அந்த இரண்டாவது பாட்டை ஒரே ஒருநாள் மட்டும் விடுங்கள், அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று முடித்தாள். எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. அனுப்பிய மறுநொடி பதில் வந்தது. 'உங்கள் பொறுமைக்கு நன்றி. புதிய பாட்டை ஏற்றுவது எப்படி என்ற வழிமுறை இதோ. இது உங்களுக்கு உதவியாக இருந்ததா?' கீழே இரண்டு கட்டைவிரல்கள், ஒன்று மேலே பார்த்து, ஒன்று கீழே பார்த்து. அவள் கீழே பார்த்ததை அழுத்தினாள். கருத்துக்கு நன்றி சொல்லிவிட்டு மீனா போய்விட்டாள்.

முப்பிடாதி வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். "எம்புத்தியச் செருப்பால அடிக்கணும். நாந்தாம்ட்டி உன் குடியக் கெடுத்தேன்." அவளைத் தேற்றுவதற்கே செங்கமலத்துக்கு அன்றைய மாலை சரியாகப் போயிற்று. தன்னுடைய அழுகையை அழ அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று இத்தோடு நிறுத்தியிருந்தால் குரங்கோடு போயிருக்கும். வியாழக்கிழமை காலை, செங்கமலம் லைனில் நின்றிருந்த நேரத்தில், விடுதியில் இருந்த பி ஷிப்ட், சி ஷிப்ட் பெண்கள் ஒன்று கூடினார்கள். கெடுத்தவர்களே சரிசெய்து கொடுக்க வேண்டாமா? பி.ஏ. ஆங்கிலம் படித்திருந்த கவிப்பிரியா ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதினாள். நாங்கள் மிஷின் இல்லை, நிஜ மனிதர்கள், எங்கள் தோழியின் பாட்டை விரும்பிக் கேட்டோம் என்று. நல்ல கடிதம்தான். அதை விடுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கூடத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பிரதி எடுத்து, கீழே பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். மாலையில் ஏ ஷிப்ட்காரிகளும் பஸ்ஸை விட்டு இறங்கிய வேகத்தில், கம்பெனிப் பையைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே அனுப்பினார்கள். மொத்தம் எண்பத்தேழு. செங்கமலத்துக்குச் சொன்னபோது எண்பத்தேழும் போய்விட்டிருந்தது. ஞானம்மா சந்தோஷமாகக் கேசரி கிளறியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை இறுதிக் கடிதம் வந்தது. கவிப்பிரியா கூடத்தில் நின்று படித்தாள். ஒரே இணைப்பிலிருந்து, ஒரே வாசகத்தில், எண்பத்தேழு முறையீடுகள் வந்திருப்பது இவை போலிக் கணக்குகள் என்பதை உறுதி செய்வதாகவும், ஆகவே செங்கமலத்தின் கணக்கு நிரந்தரமாக மூடப்படுவதாகவும், இந்த முடிவு மறுபரிசீலனைக்கு உட்பட்டதல்ல என்றும் எழுதியிருந்தது. அடியில் ஒரு பட்டியலும் இருந்தது. அதைக் கவிப்பிரியா படிக்கவில்லை. போனைச் செங்கமலத்தின் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பட்டியலில் முதல் வரி ஸ்ரீபெரும்புதூர், ஐம்பது போன்கள். இரண்டாவது வரி பிவாடி. ஒரே கணக்கு. இந்த ஒரு பாட்டைத் தவிர வேறெதையும் கேட்டதே இல்லை. இருபத்து நான்கு நாளில் தொண்ணூற்றேழு தடவை. ஒருநாள் தவறாமல் காலை ஐந்து நாற்பதுக்குத் தொடக்கம். மனிதர்கள் பாட்டுக் கேட்கும் முறைக்குப் பொருந்தவில்லை. தானியங்கி என்று முடிவு செய்யப்படுகிறது.

ஏழாம் நம்பர் பஸ் அவர்கள் ஊர் தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்புக்கு ஐந்து நாற்பதுக்கு வரும். பாட்டில் எங்கேயும் அந்த நேரம் இல்லை. ரகுவுக்குத் தெரியாது, முப்பிடாதிக்குத் தெரியாது. இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. பிவாடியில் எந்த லாரிக்குக் கீழே படுத்து எழுகிறானோ, தினமும் ஐந்து நாற்பதுக்கு அவன் அக்கா போட்டு வைத்த சீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறான். அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று கூடத்தில் நின்ற யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவள் சும்மா இருக்கவில்லை. ரகுவின் பெயரில் வேறொரு கம்பெனி வழியாகப் பாட்டை ஏற்றிப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது, மோசடிக்காக நீக்கப்பட்ட ஒலி என்று. "பாட்டுக்கும் கைரேகை மாதிரி ஒண்ணு கீதுக்கா" என்றான் ரகு. "பேர மாத்தனாலும் புடிச்சிடறான். தாளத்த புதுசா அடிச்சி, நீயும் புதுசா பாடினா ஒருவேள போவும். ஆனா உங்க ரெண்டு பேரு பேரும் மாட்டிக்கினு கீது, வேற பேர்லதான் போடணும்." வேறு தாளம், வேறு பெயர். அதை டில்லி எப்படித் தேடுவான்? வீடியோவாகவும் போட்டாள். வீடியோ போட்ட அன்று தொண்ணூறு பெண்களும் அவளிடம் வந்து, "கேக்கலாமா?" என்று கேட்டார்கள். "வாணாம்டி, உங்க கால்ல வுழறேன், யாரும் கேக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். யாரும் கேட்கவில்லை. நிஜமாகவே யாரும்.

நேரில் போய்த் தேடலாம் என்றாள் முப்பிடாதி. ஞானம்மா தனக்குத் தெரிந்த டிரெயிலர் டிரைவர் எல்லப்பனிடம் விசாரித்தாள். "பிவாடில யார்டு மட்டும் நூறு தேறும்மா" என்றார் அவர். "இதுல கிளீனர் பசங்க எவன் எந்த வண்டில கீறான்னு அந்த வண்டி ஓனருக்கே தெரியாது. டில்லின்னு கேட்டா டெல்லிக்குத்தான் வழி காட்டுவானுங்க. இன்னிக்கு அங்க, நாளைக்கு குஜராத்து. நான் பாத்தா சொல்றேன்." செங்கமலத்துக்கு இருந்த லீவு மூன்று நாள். ரயில் போகவே இரண்டு நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முப்பிடாதி தன் போனில் பழைய பாட்டுகளைத் தள்ளிக்கொண்டு படுத்திருந்தாள். அந்த வரிசையில் செங்கமலம், டில்லிபாபு என்ற பெயர்கள் சாம்பல் நிறத்தில் இன்னும் இருந்தன. அவள் அழுத்திப் பார்த்தாள். பாட்டு ஓடவில்லை. ஒரு சின்னப் பெட்டி திறந்து அதில் தமிழில் ஏதோ வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி செங்கா. நீயா எடுக்கச் சொன்ன?"

"இன்னா எடுக்கச் சொன்னேன்?"

"பாட்டத்தான். இங்கன அப்படித்தான போட்டுருக்கு."

செங்கமலம் போனை வாங்கிப் பார்த்தாள். எந்தப் பாட்டை எடுத்தாலும் அந்த ஆப் காட்டுகிற வழக்கமான ஒரு வரி அது. 'பாடியவரின் விருப்பப்படி இந்தப் பாட்டு நீக்கப்பட்டுள்ளது.'

அவள் பெட்டியை மூடிவிட்டு மறுபடி அழுத்தினாள். அதே வரி வந்தது. மறுபடி அழுத்தினாள். முப்பிடாதி போனைப் பிடுங்கப் பார்த்தாள், இவள் விடவில்லை.

"அவனுக்குப் புரியும்ட்டி" என்றாள் முப்பிடாதி. "அவன் என்ன, அக்காளத் தெரியாதவனா? அந்த ஊர்ல இதெல்லாம் இந்தியிலகூட வந்துருக்கும். படிச்சிருக்க மாட்டான்."

செங்கமலம் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். டில்லியின் போனும் தமிழில்தான் இருக்கும். பத்தாவது வரைக்கும் படித்தவன். தமிழில் அவன் எப்போதும் எழுபதுக்குக் குறைந்ததில்லை.